பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நம் படங்களையும் கணக்குகளையும் மீட்பது: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கமிருந்து டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கை தவறி அழித்துவிட்ட ஃபைல்களை மீட்பது வேறு விஷயம். இங்கே பேசுவது டிஸ்க்கின் பாகங்களே கெட்டுக்கொண்டு வரும் நிலையைப் பற்றி. உங்கள் டிஸ்க் இந்த நிமிடம் வழக்கமில்லாத சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

டிஸ்க் போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

பல நேரம் தெரியும். நேற்று வரை சட்டென்று திறந்த ஃபோல்டர் இன்று நிமிடக்கணக்கில் சுற்றும். காப்பி செய்யும்போது குறிப்பிட்ட ஒரு ஃபைலில் வந்து நின்றுவிடும். டிஸ்க்கைச் செருகியதும் கம்ப்யூட்டரே உறைந்துபோகும், பிடுங்கினால் உயிர் வரும். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் உஷாராகுங்கள்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைக் காட்டும். அதில் பார்க்க வேண்டிய வரிகள் 05, சி5, சி6. செக்டர் என்பது டிஸ்க் தரவை எழுதும் சிறு கட்டம். கெட்ட செக்டருக்குப் பதிலாக மாற்றுச் செக்டர் கொடுத்த எண்ணிக்கையை 05 சொல்லும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றை சி5 சொல்லும். சி6 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோது சரிசெய்ய முடியாதவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் நேரம் குறைவு என்று அர்த்தம். அந்த மென்பொருள் இந்த எண்களைப் பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும், செட்டிங்கில் தசம எண்ணுக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றிப் பாருங்கள், பிழைத்தீர்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 'நல்லது' என்று நீல நிறத்தில் காட்டுகிற டிஸ்க்கும் மறுநாள் போகலாம். ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள், எச்சரிக்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சந்தேகம் வந்த டிஸ்க்கில் முழுச் சோதனை எதையும் ஓட்டாதீர்கள். அது தட்டு முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்க்கும். அந்தப் படிப்பைப் பிரதி எடுப்பதற்கே செலவழிக்கலாம்.

'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. என்ன அர்த்தம்?

உள்ளே கண்ணாடி போன்ற தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல், ஹெட் என்ற நுண்ணிய முனை மிதந்துகொண்டு படிக்கிறது. ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் மறுபடி தேடும்போது வருவதுதான் அந்த டிக் டிக். ஹெட் பழுதாகியிருக்கலாம், அல்லது டிஸ்க் தன்னுடைய சொந்த நிரலை வைத்திருக்கும் பகுதியைப் படிக்க முடியாமல் இருக்கலாம்.

மிகச் சாதாரணமான இன்னொரு காரணமும் உண்டு, கரண்ட் போதாமை. யூஎஸ்பி 2 வாயில் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 வாயில் 900. நீளமான, நைந்துபோன கேபிளும் முன்பக்க போர்ட்டும் சேர்ந்தால் நல்ல டிஸ்க்கே டிக் டிக் என்று சொல்லும். ஆகவே குட்டையான வேறு கேபிள் போட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில் ஒரே ஒரு முறை செருகிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். மறுமுறை வேண்டாம்.

மெல்லிய 'பீப்' அல்லது முனகல் கேட்டு, தட்டு சுற்றவே இல்லையென்றால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லை மோட்டார் இறுகியிருக்கும். இது வீட்டில் தீர்கிற காரியம் இல்லை. உரசுகிற சத்தம், இரும்பைத் தேய்க்கிற சத்தம் வந்தால் அதுதான் மிக மோசம். தட்டின் மேல் பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் படங்கள் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. ஒரு நொடி கூட ஓடவிடாதீர்கள்.

செருகினால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது.

வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம்தான்.

செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான்.

உங்கள் தம்பி சொல்வது நல்ல டிஸ்க்குக்குப் பொருந்தும். விண்டோஸோடு வரும் செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை, ஒழுங்குபடுத்துவது, நம் ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் கவலை கிடையாது. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் பதிவுகளை 'கெட்டது' என்று தூக்கி எறிந்துவிட்டு, அந்த டிஸ்க்கிலேயே எழுதவும் செய்யும். பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதக்கூடாது. செக்டிஸ்க்குக்குப் பிறகு ஃபோல்டர் பெயர்கள் காணாமல் போய், எண் போட்ட துண்டு ஃபைல்களாக மிஞ்சிய டிஸ்க்குகளை நிறையப் பார்க்கிறேன்.

டிஸ்க்கைச் சரிசெய்வது ஒரு வேலை, அதில் உள்ளதை மீட்பது இன்னொரு வேலை. பாகம் கெட்ட டிஸ்க் மறுபடி நம்பகமானதாக ஆகவே ஆகாது. அதை ரிப்பேர் செய்ய முயலும் ஒவ்வொரு நிமிடமும் மீட்புக்கு இருந்த நேரத்திலிருந்துதான் போகிறது. பிரதி எடுப்பது முதலில், மற்ற எல்லாம் அந்தப் பிரதியின் மேல்தான்.

ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்கிறார்களே? தட்டிப் பார்க்கலாமா?

இரண்டுமே கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க் நம் ஊர்க் காற்றில் வியர்க்கும். மூச்சுத்துளை வழியாக உள்ளே போன காற்றின் ஈரம் தட்டின் மேலும் படியும். அந்த நிலையில் அதைச் சுற்றவிட்டால் ஹெட் போய்விடும். தட்டினால் ஹெட் தட்டில் கீறும். சூடு பிரச்சினை என்று தோன்றினால் பிரதி எடுக்கும்போது டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள், அது போதும்.

மூடியைத் திறந்து உள்ளே என்ன என்று பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஹெட் மிதக்கும் உயரம் சில நானோமீட்டர். ஒரு மைக்ரான் தூசு என்பது ஆயிரம் நானோமீட்டர். நெல் அறுவடை நாளில் நம் வீட்டுக் காற்றில் எவ்வளவு தூசு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரவு மீட்பு லேபில் இதற்கென்று வடிகட்டிய காற்று வீசும் மேசை வைத்திருப்பார்கள். அவர்கள் குறிவைக்கும் அளவு, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் நூறைத் தாண்டக்கூடாது என்பது. யாரோ ஏற்கெனவே திறந்த டிஸ்க் என்றால் பல லேபுகள் வாங்கவே தயங்கும். வாங்கினாலும் கட்டணம் கூடும்.

எல்லாமே முக்கியம்தான். எதை முதலில் காப்பாற்றுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். பதற்றத்தில் எல்லாமே ஒரே முக்கியமாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து, வேறு எங்கும் கிடைக்காதது எது, கொஞ்சம் அலைந்தால் கிடைப்பது எது என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

பட்டா, சிட்டா ஸ்கேன் செய்து வைத்திருந்தீர்களா? அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் தளத்தில் கிடைக்கும். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். ஆதார் அட்டையை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ரைஸ் மில், உரக்கடை நடத்துகிறவர்கள் பதறுவது டேலி கணக்குக்காக. உங்கள் ஆடிட்டரிடம் போன ஆண்டு வரை ஒரு பிரதி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அவருக்கு முதலில் போன் போடுங்கள். தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரம் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கிறது.

கல்யாணப் படமா? ஸ்டூடியோவில் கேளுங்கள். அவர்களிடமும் இல்லையென்றால் கேமராவின் மெமரி கார்டு எங்கே என்று கேளுங்கள். ஃபார்மேட் செய்த கார்டு கூட, அதன் மேல் புதிதாக எழுதப்படாமல் இருந்தால் மீட்க முடியும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் அவர்கள் போனில் இருக்கும். தரம் குறைந்த பிரதிதான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். காலமான அப்பாவின் குரல் பதிவு, குழந்தையின் முதல் வருடம், ஆய்வு மாணவரின் முடிக்காத அத்தியாயங்கள், கோயில் திருப்பணிக்கென எடுத்த பழைய கல்வெட்டுப் படங்கள். அவை எந்த ஃபோல்டரில் இருந்தன, என்ன பெயர், எந்த வருடம் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். லேபுக்குப் போனாலும் இந்தத் தாள் உதவும். 'எல்லாம் வேண்டும்' என்று கேட்பதைவிட 'இந்த மூன்று ஃபோல்டர் போதும்' என்று கேட்டால் டிஸ்க்குக்கும் வேலை குறைவு.

டிஸ்க் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் இருக்கிறது. நானே பிரதி எடுக்கலாமா?

எடுக்கலாம். சத்தமில்லாமல் சுற்றி, கம்ப்யூட்டரில் சரியான கொள்ளளவைக் காட்டுகிற டிஸ்க் என்றால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். இழந்தால் தாங்கவே முடியாதது உள்ளே இருந்தால் இதையும் செய்யாமல் நேரே லேபுக்குப் போங்கள்.

விண்டோஸில் இழுத்துப் போட்டு காப்பி செய்வது சரியான வழி கிடையாது. படிக்க முடியாத ஓர் இடத்தில் விண்டோஸ் விடாப்பிடியாக மோதிக்கொண்டே இருக்கும், அதற்குள் ஹெட் களைத்துவிடும். நமக்கு வேண்டியது குனூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய இலவசக் கருவி. மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருடத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவோமே, அதேபோலத்தான் இது வேலை செய்கிறது. எளிதாகப் படிக்கக் கிடைப்பதை முதல் சுற்றில் வேகமாக அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். கடைசியில்தான் தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து, ஓரங்களைச் சுருக்கி, பிறகு செக்டர் செக்டராகச் சுரண்டும். அந்த நேரத்தில் டிஸ்க் செத்துப்போனாலும் பெரும்பகுதி ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும்.

தேவையானவை: பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய, நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிஸ்க். லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ். உபுண்டுவை இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். மீட்பு வேலைக்கென்றே வரும் சிஸ்டம்ரெஸ்க்யூவில் இந்தக் கருவி ஏற்கெனவே இருக்கும். உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் முன்னால் ஒரு 'ஜி' சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும், கட்டளை மட்டும் டிடிரெஸ்க்யூதான். முடிந்தால் டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டி இல்லாமல் நேராக மதர்போர்டின் சாட்டா வாயிலில் செருகுங்கள். பிழை வரும்போது யூஎஸ்பி பெட்டிகள் அடிக்கடி தொங்கிவிடும்.

சொந்த ஃபைல்களைத் தனித்தனியாக எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் ஒரே 'இமேஜ்' ஆக எடுக்க வேண்டும். இமேஜ் போய் உட்காரும் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது, அது 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலைத் தாங்காது. லினக்ஸ் பழுதான டிஸ்க்கைத் தானாக மவுன்ட் செய்திருந்தால் (பயன்படுத்தத் திறந்து வைத்திருந்தால்) முதலில் அதை விடுவித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் 'சுரண்டாதே' என்ற விருப்பத்தைக் கொடுங்கள். மேப் ஃபைல் ஒன்றின் பெயரையும் கண்டிப்பாகக் கொடுங்கள். எந்த இடம் முடிந்தது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நடுவில் நின்ற வேலையைத் தொடரவே முடியாது. முதல் ஓட்டம் முடிந்ததும் அதே மேப் ஃபைலோடு இரண்டாம் ஓட்டம். இப்போது நேரடி வாசிப்பும், மூன்று மறுமுயற்சியும் போதும். தேவைப்பட்டால் பின்பக்கமிருந்து படிக்கும் விருப்பத்தையும் போட்டுப் பார்க்கலாம், முன்னாலிருந்து நுழைய முடியாத இடத்துக்குப் பின்னாலிருந்து நுழைந்துவிடும்.

என்டர் தட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். எது மூலம், எது இலக்கு? இரண்டும் மாறிப்போனால் காலி டிஸ்க்கின் வெறுமை உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு டிஸ்க்கின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் திரையில் பார்த்து, ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டுத் தட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

ஓடும்போது வேகத்தைக் கவனியுங்கள். வேகமாக, மெதுவாக, வேகமாக, மெதுவாக என்று ஒரே சீராக மாறி மாறி வந்தால் பல ஹெட்களில் ஒன்று பலவீனமாகியிருக்கிறது. அது முழுதாகப் போகும் முன் நிறுத்திவிட்டு லேபுக்குப் போவது நல்லது. டிக் சத்தம் புதிதாகத் தொடங்கினாலும் அப்படியே.

எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் கரண்ட் போனால்?

1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 5 எம்பி என்றால் இரண்டு நாளுக்கு மேல். 1 எம்பி என்றால் பதினொரு நாளைத் தாண்டும். நோயுற்ற டிஸ்க் எந்த வேகத்தில் போகும் என்று ஆரம்பத்தில் சொல்ல முடியாது, பொறுமை வேண்டும். பாதிக்கு மேல் காலியாக இருந்த டிஸ்க் என்றால் ஃபைல் இருக்கும் இடங்களை மட்டும் படிக்கவைக்க முடியும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள டிஸ்க்குக்கு டிடிஆர்யூட்டிலிட்டி என்ற தொகுப்பில் அதற்கான கருவி இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்டை நம்ப முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும், ஆகவே நடுவில் யூபிஎஸ் வையுங்கள். பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப் இன்னும் வசதி. கரண்ட் போய்விட்டாலும் மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலைப் பென்டிரைவ் லினக்ஸின் தற்காலிக இடத்தில் வைக்காமல் இமேஜ் இருக்கும் நல்ல டிஸ்க்கிலேயே வையுங்கள். கரண்ட் போனால் தற்காலிக இடம் துடைத்துப்போகும்.

இமேஜ் கிடைத்துவிட்டது. படங்களை அதிலிருந்து எப்படி எடுப்பது?

பழுதான டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். முடிந்தால் இமேஜுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் கொஞ்சம்தான் என்றால் இமேஜைப் 'படிக்க மட்டும்' என்று மவுன்ட் செய்தாலே ஃபோல்டர்கள் பெயரோடு வந்துவிடும். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) தெரியவில்லையென்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி. அதுவும் முடியாவிட்டால் அதே தொகுப்பில் வரும் ஃபோட்டோரெக். இது பெயரைப் பார்ப்பதில்லை, ஃபைலின் உள்ளமைப்பை வைத்து அடையாளம் கண்டு எடுக்கிறது. ஆகவே படங்கள் கிடைக்கும், பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கில் வந்து விழுவதை, படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் தேதியை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

வீடியோவில்தான் சிக்கல். பெரிய ஃபைல் டிஸ்க்கில் பல துண்டாகக் கிடக்கும், ஃபோட்டோரெக் அவற்றை ஒட்டவைக்கத் திணறும். எம்பி4 ஃபைலின் உள்ளடக்கப் பட்டியலைப் பல கேமராக்கள் ஃபைலின் கடைசியில் எழுதுகின்றன. அது போனால் மற்றதெல்லாம் இருந்தும் வீடியோ ஓடாது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று இருந்தால் அதை மாதிரியாகக் காட்டி அன்ட்ரங்க் என்ற கருவியால் சரிசெய்ய முயலலாம். ஸ்டூடியோ நடத்துகிறவர்கள் ஒவ்வொரு கேமராவிலும் ஒரு சிறு மாதிரி வீடியோ எடுத்துத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

படம் திறக்கிறது, ஆனால் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது. எத்தனை படம் இப்படி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் படத்தின் நடுவே ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் போயிருக்கிறது. டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை ஒன்று உண்டு. படிக்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் தரும் ஏதாவது ஒரு சொல்லை இமேஜில் எழுதிவிடும். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடினால் சேதமானவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். இதை இமேஜின் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

இடி விழுந்த ராத்திரிக்குப் பிறகு டிஸ்க்கில் சத்தமே இல்லை. போர்டை மட்டும் மாற்றினால் போதுமா?

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்த பிறகு எத்தனையோ வீடுகள் ஜெனரேட்டரில் ஓடின. வோல்டேஜ் நிலையாக இல்லாதபோது டிஸ்க்கில் முதலில் அடிவாங்குவது அடியில் இருக்கும் பச்சை போர்டுதான். தட்டும் ஹெட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கும், ஆகவே சத்தமில்லாத டிஸ்க்குக்கு நம்பிக்கை அதிகம்.

போர்டில் மின்சாரம் நுழையும் இடத்தில் டிவிஎஸ் டையோடு என்று பாதுகாப்புக்கு வைத்திருப்பார்கள். வோல்டேஜ் எகிறினால் அது ஷார்ட் ஆகித் தன்னைப் பலிகொடுத்து மற்ற பாகங்களைக் காக்கும். 12 வோல்ட் டிஸ்க்கில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகியவர்களுக்கும் இதுதான் நடக்கும். மல்டிமீட்டரும் சால்டரிங்கும் கைவந்தவர் ஷார்ட் ஆன டையோடை எடுத்துவிட்டால் டிஸ்க் எழுந்துவிடுவது உண்டு. அதன் பிறகு பாதுகாப்பு இல்லை என்பதால் நல்ல பவர் சப்ளையில் போட்டுப் பிரதி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதே மாடல் போர்டை வாங்கி அப்படியே மாட்டுவது இக்காலத்து டிஸ்க்கில் பொதுவாக எடுபடாது. அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய விவரம் பழைய போர்டின் ரோம் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) இருக்கிறது. அந்தச் சிப்பைக் கழற்றிப் புதிய போர்டில் வைக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். பழைய போர்டு எரிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, கோடியக்கரை பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் போர்டின் உட்பக்கத் தொடர்புப் புள்ளிகள் கறுத்துப்போகும். போர்டைக் கழற்றினால் தட்டு அறை திறக்காது. டார்க்ஸ் திருப்புளியால் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மாட்டினால் சில டிஸ்க்குகள் பேசத் தொடங்குகின்றன.

வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்கைக் காயவைத்து ஓட்டலாமா?

கூடாது. சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு மூச்சுத்துளை இருக்கிறது, அதன் வழியே தண்ணீர் போயிருக்கும். வெயிலில் வைத்தாலும் அரிசியில் புதைத்தாலும் தண்ணீர் மட்டும்தான் போகும். வண்டலும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் ஹெட் ஓடினால் கீறிவிடும். ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, காய்வதற்குள் லேபுக்கு அனுப்புங்கள்.

கையடக்க யூஎஸ்பி டிஸ்க். பெட்டியை உடைத்து வேறு பெட்டியில் போடலாமா?

சிலவற்றில் போடலாம். ஆனால் பல 2.5 இஞ்ச் டிஸ்க்குகளில் யூஎஸ்பி வாயில் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கும், உள்ளே சாட்டா முனையே இருக்காது. இன்னும் சிலவற்றில், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும், போர்டு தரவைக் குறியாக்கித்தான் எழுதும். வேறு போர்டில் படித்தால் வெறும் குப்பையாகத் தெரியும். புதிய விண்டோஸ் லேப்டாப்பில் டிஸ்க்கையே குறியாக்கும் பிட்லாக்கர் தானாக இயங்கியிருக்கவும் கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

லேபுக்கு அனுப்புவது என்றால் எப்படி? எவ்வளவு கேட்பார்கள்?

சென்னையிலும் பெங்களூரிலும் ஹெட் மாற்றும் வசதியுள்ள லேபுகள் இருக்கின்றன. ஹெட் மாற்ற அதே மாடல், ஒத்துப்போகும் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் சொந்த நிரல்), கிட்டத்தட்ட அதே காலத்தில் தயாரான இன்னொரு டிஸ்க்கை வாங்கி அதன் உறுப்பை எடுக்க வேண்டும். ஆகவே கட்டணம் புது டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு இருக்கும். அது நியாயமானதுதான்.

டிஸ்க்கைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: நீங்களே திறக்கிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? பார்த்துவிட்டு விலை சொல்வீர்களா? ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு? பணம் கட்டும் முன் கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவீர்களா? டிஸ்க்கைப் பார்க்காமலே 'நூறு சதவீதம் எடுத்துத் தருவேன்' என்று போனில் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஓடாத டிஸ்க்கில் ஹெட் ஒதுங்கி நிற்கும், நன்றாகப் பொதிந்தால் பயணத்தைத் தாங்கும். நிலைமின் உறை, அதன் மேல் குமிழ் பிளாஸ்டிக் பல சுற்று, அட்டைப்பெட்டி, அதற்கு வெளியே இன்னொரு பெட்டி. நேரில் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது.

உள்ளே வீட்டுப் படங்கள். அந்நியர் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. குறிப்பாகப் பெண்கள் இதைச் சொல்லத் தயங்கி, டிஸ்க்கை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். எங்கும் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: சரிபார்ப்புக்குத் தேவையானதற்கு மேல் ஃபைலைத் திறக்கக்கூடாது, ஒப்படைத்த பிறகு தங்களிடம் உள்ள பிரதியை அழிக்க வேண்டும். எந்த ஃபோல்டர் போதும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்திலிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி, பென்டிரைவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். அவற்றில் சுற்றும் பாகம் இல்லை, சத்தமில்லாமல் திடீரென்று போகும். கண்ட்ரோலர் போய்விட்டால் வீட்டில் வழியில்லை. இன்னும் படிக்கிறது என்றால் டிடிரெஸ்க்யூ அங்கேயும் உதவும்.

இனிமேல் இப்படி ஆகாமல் என்ன செய்வது?

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். வெள்ளமும் புயலும் வருகிற ஊரில் அந்த மூன்றாவதுதான் முக்கியம். ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டில் ஒன்றைக் கொடுத்து வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வாருங்கள், அல்லது கிளவுடில் போடுங்கள். குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து, படம் உண்மையிலேயே தெரிகிறதா என்று பாருங்கள். அப்போது செய்தால் மழைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

மீட்டு முடித்த பிறகு பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே எறிய வேண்டாம். மீட்டதை எல்லாம் திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் சேமித்த பிறகு முடிவு செய்யுங்கள். ஃபார்மேட் செய்து 'சினிமா மட்டும் வைத்துக்கொள்கிறேன்' என்று திரும்பப் பயன்படுத்த வேண்டாம், கொஞ்ச நாளில் அதிலும் முக்கியமானது ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். பழைய இரும்புக்குப் போடும் முன் தட்டு உடையும்படி துளைபோட்டுவிடுங்கள். 2.5 இஞ்ச் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும், ஆகவே துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். குப்பைத் தொட்டிக்குப் பதிலாக மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.